பச்சையம்மாளின் வயது

1958 ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலேயே புழுக்கம். பிள்ளை வளர்ச்சி ஆராய்ச்சியில் தவளக்குப்பம் பகுதி இன்று முடிந்தது. டாக்டருக்கு எடை, உயரம், பல். மனோதத்துவ புரொபசர் அம்மாவுக்குக் கட்டை அடுக்குவது, படம் பார்த்துச் சொல்வது. இருவருக்கும் பெயரும் வயதும் எழுதித் தருவது நான். மூன்று மாதமாக அவர்கள் இருவருக்கும் ஒரே மேஜை, ஒத்துப்போனதே கிடையாது. இன்று ஒத்துப்போனார்கள். பச்சையம்மாள், வயது ஆறு. டாக்டர்: வளர்ச்சி குன்றியது. புரொ. அம்மா: மந்தபுத்தி.
"பாத்தீங்களா டாக்டர், ரெண்டு வழியா போயும் ஒரே எடத்துக்கு வந்துட்டோம்" என்று சிரித்தார்.
பிள்ளையை வெளியூர் விடுதியில் சேர்க்கச் சிபாரிசு. சோப்பு வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்
மழை வருவதுபோல் வந்து போனது. சிபாரிசுக் கடிதத்தோடு தவளக்குப்பம். தாய் அஞ்சலை களையெடுப்பிலிருந்து அப்படியே வந்தாள், கையெல்லாம் சேறு. படித்துச் சொன்னேன்.
"மந்தமா? நாலு வயசுகூட முடியலீங்க. இன்னும் என்ன செய்யணும் அது?"
பிறப்புச் சீட்டின்படி ஆறு ஆகிறதே என்றேன்.
"அது மூத்ததோட சீட்டுங்க. பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப எழுதுனது. காய்ச்சல்ல போயிடுச்சு. அது பேரத்தான் இதுக்கு வெச்சோம். அதே பேருதானேன்னு சீட்டையும் வெச்சிக்கிட்டோம்."
பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்ற திமிர் எனக்கு. சீட்டு கையில் இருந்ததால் பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பிள்ளை என் பேனாவோடு விளையாடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்
சொல்லவில்லை. பயம். காரணங்கள்:
டாக்டர் முன்கோபி.
அறிக்கை டைப் ஆகிவிட்டது.
புரொ. அம்மா நாளை மறுநாள் ஊருக்கு.
எழுதிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்றும் என் வேலையைப் பற்றித்தான், பிள்ளையைப் பற்றி ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி
சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. நாலு வயதுக்கான அட்டவணையை எடுத்துப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லியே."
"கட்டையும் நல்லாத்தான் அடுக்கியிருக்கா" என்றார் புரொ. அம்மா. குரல் இறங்கியிருந்தது. கடிதத்தைக் கிழித்தார்.
மறுபடியும் இருவரும் ஒத்துப்போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.
"மத்த பிள்ளைங்க வயசெல்லாம் எதப் பாத்து எழுதுனீங்க?" என்றார் டாக்டர்.
சீட்டைப் பார்த்துத்தான்.

ஆகஸ்ட் 9, சனி
வெயில். திரும்பத் தவளக்குப்பம், முதல் வீட்டிலிருந்து. புரொ. அம்மா ஊருக்குப் போகவில்லை, கூட வந்தார். நோட்டைப் பிரிக்காமல், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். அந்த வீட்டுப் பெண் விரல் மடக்கத் தொடங்கி, நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.
"இருக்கறது மட்டுமா, எல்லாத்தையும் சொல்லணுமா?"