மலையைத் தாண்டியவர் நீங்கள்தான், மச்சான்

என் சவரி மச்சானுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்டுத்தான் கடிதம் எழுதிப் பழக்கம். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அக்கா நலம். பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடுதான் இருக்கிறாள். நான் நலமில்லை, மச்சான். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவ்வளவு கோபம்.

நேற்று கோலாலம்பூர் பட்டணத்தில், மோட்டார் சாமான் விற்கும் வெள்ளைக்காரக் கடையின் கண்ணாடிக்குள் ஒரு படம் பார்த்தேன். மலை உச்சியில் நம் வண்டி. அதன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சிரிக்கும் நம் துரை. கீழே இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். உலு லங்காட் மலையை மோட்டாரில் தாண்டிய முதல் மனிதராம். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த உங்களை வெட்டி எறிந்துவிட்டார்கள். இடது முழங்கை மட்டும் ஓரத்தில் மிச்சம். ரேடியேட்டர் வெந்நீர் பட்ட தழும்பு அதில் இருந்தது. இல்லாவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

உள்ளே போய்க் கேட்டேன். "அது துரைமார் படம்லா. உனக்கு என்ன வேணும்? டயரா?" என்றான் கடை ஆள்.

எனக்கு என்ன வேண்டும்? அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம்மவர்கள் நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுவதால், உங்களுக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் ரப்பர் கம்பெனித் துரைக்கு நீங்கள் டிரைவர். நான் உங்கள் மைத்துனன் என்பதால் வண்டி துடைக்கவும் பழுது பார்க்கவும் எனக்கும் அங்கே வேலை. ஞாயிறு வந்தால் துரைக்குப் பைத்தியம் பிடித்துவிடும். மாட்டு வண்டிகூடப் போகத் தயங்கும் பாதையில் மோட்டாரை விட வேண்டும். கைவிட்ட ஈயச் சுரங்கத்துத் தடம், மூங்கில் காட்டுக்குள் செம்மண் ஒற்றையடிப் பாதை, எதுவானாலும் சரி. அவர் பின்னால் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். நீங்கள் கால்சட்டையை மடித்துக்கொண்டு ஓடையில் இறங்கி, கம்பால் ஆழம் பார்ப்பீர்கள். சேற்றில் சக்கரம் சுற்றினால் மரக்கிளையை வெட்டி அடியில் போடுவது நான். "மெதுவா, மெதுவா" என்று வண்டியிடம் பேசிக்கொண்டே அதை மேலே ஏற்றுவது நீங்கள்.

உங்களுக்கும் அது பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க? அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பார்க்கும் ஆசை துரையைவிட உங்களுக்குத்தான் அதிகம். அக்கா திட்டும்போது, "பாதை தெரிஞ்சு வெச்சா நல்லதுதானே லூர்து" என்று சமாளிப்பீர்கள். எதற்கு நல்லது என்று கடைசிவரை சொல்லவில்லை.

அப்புறம் அந்தப் பெரிய பயணம். உலு லங்காட்டிலிருந்து மலையேறி ஜெலுபு பக்கம் இறங்குவது. குதிரை போகும் அகலம்தான் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் நடந்து வந்த நான் கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து வைத்து எடுத்தேன். துரையும் நடந்துதான் வந்தார், மச்சான்! உச்சியில் படம் பிடிக்கத்தான் வண்டிப் பக்கம் வந்தார். வண்டியில் உட்கார்ந்து அந்த மலையைத் தாண்டிய ஒரே ஆள் நீங்கள்.

மறுநாள் காலை திரும்ப வேண்டும். விடிந்ததிலிருந்து மழை. அடிவாரத்தில், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில், மாட்டு வண்டி ஓட்டும் சமாட் என்ற பெரியவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆற்றுப் பாலத்து மரம் ஊறிக் கிடக்கிறது, போகாதே என்று மலாயில் சொன்னார். நீங்கள் அதைத் துரையிடம் சொன்னீர்கள். பக்கத்தில்தான் நான் நின்றேன்.

"துரை, பாலம் தாங்காது. ரெண்டு நாள் இங்கயே இருந்துட்டுப் போலாம்."

"இன்னிக்கு கிளப்பிலே எனக்கு விருந்து இருக்கு. நீ போ."

"வண்டிய விட்டுட்டு நடந்து போலாம் துரை."

"நான் சொல்றான். நீ போ!"

தோட்டத்தில் கற்ற அரைகுறைத் தமிழ். ஆனாலும் அந்தக் கட்டளை யாருக்குப் புரியாது?

பாலத்தருகே சமாட்டும் பின்னாலேயே வந்துவிட்டார். துரை முதலில் நடந்து அக்கரைக்குப் போனார். நான் வண்டியில் ஏறப் பார்த்தேன். "இறங்குடா தாசா" என்றீர்கள். "நானும் வரேன் மச்சான்" என்றேன். "ரெண்டு பேரும் போய்ட்டா லூர்துக்கு யாரு இருக்கா? இறங்கு." அவ்வளவுதான். முன்சக்கரம் நடுப்பாலம் தாண்டவில்லை. இடது பக்க மரம் புரண்டது.

சமாட்டும் நானும் கழுத்தளவு தண்ணீரில் உங்களை இழுத்தோம். கரையில் போட்டபோது மூச்சு இல்லை. கடைசியாக "லூர்து" என்று கூப்பிட்டீர்கள் என அக்காவிடம் சொன்னேன். அது பொய். நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. மன்னியுங்கள்.

அடுத்த பொய் அதைவிடப் பெரியது. மூன்றாம் நாள் கிள்ளான் ஆபீசில் இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்றை என் முன் வைத்தார்கள். என்ன எழுதியிருக்கு என்று கேட்டேன். கணக்கு எழுதும் கிராணி நம்ம ஆள்தான். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "நடந்ததுதான் இருக்கு, கையெழுத்தைப் போடுப்பா" என்றான். போட்டேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாததால் போட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருவரிடம் காட்டாமல் போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே? பயந்தேன். அதுதான் உண்மை.

அந்தத் தாளில் என்ன இருந்தது தெரியுமா? டிரைவர் கள்ளுக் குடித்திருந்தான், முதலாளி தடுத்தும் கேளாமல் பாலத்தில் வண்டியை விட்டான் என்று. பத்திரிகையிலும் அதுவே வந்தது. பூசை முடிந்து கோயில் வாசலில், மைத்துனனே கையெழுத்துப் போட்டிருக்கிறானாம் என்று பெண்கள் பேசுவதைக் கேட்டுத்தான் அக்காவுக்குத் தெரிந்தது. மலையைத் தாண்டியது துரையாம். ஆற்றில் விழுந்தது மட்டும் நீங்களாம்! வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதரை, வாய் திறந்து மறுக்க முடியாத மனிதரை, இப்படியா எழுதுவார்கள்?

அக்கா வீட்டுக்கு வந்து என்னை ஒரே கேள்வி கேட்டாள். "கையெழுத்து உன்னோடதா?" தலையாட்டினேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு, "வா" என்றாள். கிள்ளான் ஆபீசுக்குக் கூட்டிப் போனாள்.

ஆபீசில் துரையின் மேசைக்கு நேராகப் போய் நின்றாள். "துரை, எம் புருஷன் குடிச்சிருந்தாரா?"

அவர் தாளைப் புரட்டினார். "பழைய கதை. வீட்டுக்குப் போ."

"குடிச்சிருந்தாரான்னு கேட்டேன்."

அப்போதுதான் எனக்கு நாக்கு வந்தது. "குடிக்கல. போக மாட்டேன்னு சொன்னாரு. நீங்கதான் போகச் சொன்னீங்க. நான் போட்ட கையெழுத்து பொய்" என்றேன். கிராணி என் காதருகே வந்து, "வேலை போயிடும்லா" என்றான். போகட்டும் என்றேன். போய்விட்டது.

அக்கா கோர்ட்டில் மனுக் கொடுத்தாள். சாட்சி சொல்லக் கூப்பிட, உலு லங்காட் வரை மோட்டாரிலும், பிறகு மலையேறி நடந்தும் சமாட்டைத் தேடிப் போனேன். கோர்ட்டுக்கு வருவாரோ மாட்டாரோ என்று பயந்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாஜிஸ்திரேட் முன்னால் இரண்டு பேரும் நடந்ததைச் சொன்னோம். துரைக்கு ஒன்றும் ஆகவில்லை, மச்சான். ஒரு கடிந்த சொல்கூட இல்லை. டிரைவர் குடித்திருந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்று ஒரு வரி மட்டும் எழுதினார்கள். அந்த ஒரு வரிக்கு இரண்டு பேர் இத்தனை தூரம் அலைய வேண்டியிருந்தது. பத்திரிகை அதைப் போடவே இல்லை.

அக்கா அதன் நகலைக் கேட்டு வாங்கினாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, வாத்தியாரைக் கூப்பிட்டுக் கோயில் வாசலில் உரக்கப் படிக்கச் சொன்னாள். தமிழிலும் சொல்லச் சொன்னாள். கள்ளுக் கதையைப் பரப்பியவர்கள் குனிந்துகொண்டார்கள்.  அக்கா நகலை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். நீங்கள் செத்த அன்றுகூட அழாதவள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை மோட்டார் ஓட்டுகிறேன். போன வாரம் சர்வே ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அந்த மலை வழியாக ரோடு போட முடியுமா என்று பார்க்கப் போகிறார்களாம். தடம் தெரிந்த ஆள் வேண்டுமாம். முதலில் மாட்டேன் என்றேன். அந்த ஆற்றை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை. அக்காதான், "போ. நீ போகலேன்னா துரையோட படத்தப் பார்த்துக்கிட்டுப் போவாங்க" என்றாள்.

திங்கட்கிழமை கிளம்புகிறோம். உங்களுக்கு நான் தரும் வாக்கு இது. ரோட்டுக்கு அவர்கள் என்ன பெயர் வைப்பார்களோ, அது என் கையில் இல்லை. ஆனால் எந்த ஓடையில் எங்கே ஆழம், எந்த வளைவில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவர்கள் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும், முதலில் உங்கள் பெயரைச் சொல்வேன். அதை எழுதிக்கொண்ட பிறகுதான் வழியைச் சொல்வேன். இந்த முறை அவர்கள் எழுதும் தாளை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்து.

நீங்கள் இறக்கிவிட்டதால் உயிரோடிருக்கும்,
உங்கள் மைத்துனன்
தாசன்