ஒன்பதாவது பீப்பாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பதறாமல் படியுங்கள்: நேற்று பீர் குடித்தேன். வேலைக்காகத்தான், பீப்பாய்க்கு அரை மடக்கு.

ஓராண்டு மரப்பீப்பாயில் ஊறிய கடும் பீர். டிகாஷன் கருப்பு, தொண்டையில் இதமான சூடு. பன்னிரண்டு பீப்பாயையும் ஒன்றாகக் கலக்குமுன், பீப்பாய் கழுவும் என்னையும் ருசி பார்க்கச் சொன்னார்கள்.

"ஒன்பதாவதுல காடி வாடை வருதுங்க" என்றேன்.

மேற்பார்வையாளர் சிரித்தார். மறுபடி சுவைத்ததும் சிரிப்பு நின்றது.

"நீ சொல்லலைன்னா மொத்தமும் கெட்டிருக்கும். திங்கக்கிழமையிலேருந்து ருசி பாக்குற வேலைக்கு வந்துடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பீர் ருசி பார்க்கும் வேலை என்பதை அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஞாயிறு நான் அழைக்கும்போது போனை அடுப்படியிலேயே வையுங்கள். நீங்கள் வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்