ரேம் இல்லாத பன்னிரண்டு கணினிகள்

ட்வின் ஃபால்ஸ், ஐடஹோ
14 அக்டோபர் 2025

அன்புள்ள ரொவீனா அக்காவுக்கு,

அத்தானுக்கு டயாலிசிஸ் எப்படிப் போகிறது? வாரத்தில் மூன்று நாள் நீயே வண்டி ஓட்டிப் போய்க் காத்திருப்பதை நினைத்தால் எனக்கே இடுப்பு வலிக்கிறது.

மெயிலில் சரக்கைப் பற்றி எழுதினால் உன் சிப் ஆலையில் படித்துவிடுவார்கள் என்றாயே, அதனால்தான் காகிதம்.

நூலகத்துக்குப் பன்னிரண்டு கணினிகள் செய்துதர ஒப்புக்கொண்டேன். மற்ற பாகங்களையெல்லாம் பூட்டி வரிசையாக வைத்துவிட்டேன். ரேம் நினைவகத்தை மட்டும் கடைசிக்கு விட்டேன். எங்கள் தொழிலில் எப்போதும் அப்படித்தானே? மலிவான சாமான், எந்தக் கிழமையும் கிடைக்கும். இப்போது மொத்த வியாபாரி, "ஏஐக்காரங்க அள்ளிட்டுப் போறாங்க மேடம். மூணு மடங்கு வெலை, அதுவும் நாளைக்கு இருக்குமான்னு தெரியாது" என்கிறான். நேற்று கடைக்கு வந்த இபார்லூசியா கிழவர் ஒரே ஒரு ரேமுக்கு விலை கேட்டுவிட்டு, "ஏம்மா, இது கம்ப்யூட்டர் கடையா, நகைக்கடையா?" என்றார். சிரித்தேன். வேறென்ன செய்ய?

நவம்பர் கடைசிக்குள் தராவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். அது போனால் கடையும் போகும். கணினிக்கு இரண்டாக இருபத்துநான்கு ரேம் போதும். உன் ஆலையில்தானே செய்கிறார்கள், அக்கா.

உன்
மார்னி


பாய்சி
21 அக்டோபர் 2025

அன்பு மார்னிக்கு,

செய்கிறோம். ஆனால் கடைகளுக்கு அல்ல. ஏஐக்கான பெரிய கணினிக் கூடங்களுக்கு விற்பதில்தான் லாபம் என்று இயந்திரங்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அடுத்த வருஷத்துச் சரக்கு முழுக்க விற்றாயிற்று. முன்பெல்லாம் வாங்குகிறவர்கள் "இவ்வளவு வேணும்" என்பார்கள். இப்போது "எவ்வளவு இருக்கு? எல்லாத்தையும் குடுங்க" என்கிறார்கள். மற்றவர்களுக்கு நாளெல்லாம் "இல்லை" சொல்லிச் சொல்லி, வீட்டில் உன் அத்தான் மணி கேட்டால்கூட எனக்கு "இல்லை" என்றுதான் வாயில் வருகிறது.

தங்கை கடைக்கு ஒரு பெட்டியைத் தள்ளினால் எனக்கு வேலை போகும். வேலையோடு காப்பீடு போகும். அப்புறம் அவர் கதி? நவம்பரில் சின்னக் கடைகளுக்கு ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்க்கிறேன். என்மேல் வருத்தப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
ரொவீனா


19 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய வணிகக் கூட்டாளிக்கு,

சந்தை நிலவரம் காரணமாக, சில்லறைக் கடைகளுக்கான ரேம் விற்பனையை நிறுத்திக்கொள்கிறோம். நிலுவையிலுள்ள வேண்டுகோள்கள் ஏற்கப்படமாட்டா. இத்தனை காலம் தாங்கள் அளித்த ஆதரவுக்கு நன்றி.

தங்கள் உண்மையுள்ள
ரொவீனா ஹால்வர்சன்
மேலாளர், விநியோகப் பிரிவு


ட்வின் ஃபால்ஸ்
9 டிசம்பர் 2025

அக்கா,

நீ கையெழுத்திட்ட கடிதம் வந்தது. யாரோ ஆயிரம் கடைகளின் பட்டியலை நீட்டியிருப்பார்கள். நீ பெயர்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பாய். அப்படித்தான் நம்புகிறேன். விளக்கம் எழுதாதே.

நூலகத்தம்மா கோபிக்கவில்லை. "பழசே ஓடட்டும் மார்னி, நீ ஒடம்பப் பாத்துக்கோ" என்றார். திட்டியிருந்தால் தேவலை. கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று, திங்கட்கிழமை முதல், ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டும் ஏஐக் கூடத்தில் வேலை. அலமாரி அலமாரியாக நிற்கும் கணினிகளில் ரேம் செருக வேண்டும். மேற்பார்க்கும் பெண், "ரொம்ப வேகமா செய்றீங்களே, முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். "கடை வச்சிருந்தேன்" என்றேன். கடையில் ஒரு வருஷத்தில் விற்றதை முதல் நாள் மத்தியானத்துக்குள் செருகிவிட்டேன். எல்லாவற்றிலும் உன் ஆலையின் பெயர்தான்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். வேலையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேச வேண்டாம்.

மார்னி