அப்பா எழுதிய மரம்

அன்பு மகளுக்கு, எங்கள் கவிதை டீச்சருக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். வழக்கமாகக் கடிதத்தில் எழுதுகிற சுகம் இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மனசு நொறுங்கி வருகிறவர்களுக்கு உன் எழுத்து வகுப்பில் சொல்வதையே அப்பாவுக்கும் போனில் சொன்னாயே, விபத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், ஜன்னலில் தெரிகிற மரத்தை மட்டும் தினமும் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று, எனக்கு அப்போது துளியும் நம்பிக்கை இல்லை. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப் போய் அவர் ஓட்டிய பஸ் கவிழ்ந்து, கூடவே வேலை பார்த்த கண்டக்டர் செத்துப்போன நாளிலிருந்து வாயே திறக்காத மனுஷன் எழுதவா போகிறார் என்று நினைத்தேன். விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள், அவர் மனசுதான் அவரை விடவில்லை. ஆனால் மகள் பேச்சைத் தட்டுவாரா, உட்கார்ந்துவிட்டார். முதலில் எழுதியதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அணில் இடப்பக்கமாக ஓவர்டேக் செய்தது, காக்கை ஹாரன் கொடுக்காமல் கிளம்பியது, மேல்கிளையில் நிற்கக்கூட இடமில்லை. காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு மரமும் ரோடாகத்தான் தெரிகிறது. நான் சிரித்ததும் முறைத்தார். முறைக்கவாவது செய்தாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. இலையெல்லாம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது என்று வாசித்துக்கொண்டே வந்தவர், "அவன் இருந்திருந்தா இந்நேரம் ஜன்னல் வழியா கையை நீட்டி நனைஞ்சிருப்பான்" என்ற வரியில் நின்றுவிட்டார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். நீ சொன்னபடி நான் தடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்து முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, இத்தனை மாதமாக எந்த வாசலை மிதிக்கப் பயந்தாரோ அந்தக் கண்டக்டர் வீட்டுக்கே கிளம்பிவிட்டார். என்ன பேச்சு கேட்டுவிட்டு வருவாரோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கண்டக்டரின் மனைவி ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லையாம். கதவைத் திறந்ததும், "ஏண்ணே இவ்வளவு நாளா வரலை, அவரைப் பத்திப் பேச எனக்கு வேற யாரு இருக்கா" என்று கேட்டாளாம்.

உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லையடி, பெற்றவள் சொன்னால் வாங்கிக்கொள். நோய்நொடி இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஊரார் துக்கத்தையெல்லாம் உட்கார்ந்து கேட்கிறாய், உன் துக்கத்தை யாருக்கு வாசித்துக் காட்டுகிறாய்? எனக்குப் போன் போடு, நான் கேட்கிறேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா