நீ சேர்த்து வைத்த கிளை

திரையில் வரையும் பேனாவின் அடியில் உன் பல் அடையாளம் இன்னும் இருக்கிறது. யோசிக்கும்போதெல்லாம் அதைக் கடிப்பாய். இன்று காலை என் பேனா வேலை செய்யாததால் உன்னுடையதை எடுத்தேன். அதன்பிறகு கதிரையில் நிலையாக இருக்க முடியவில்லை.

துறைமுகத்தைப் பார்த்த இந்த மாடியறையில் நாம் செய்த வேலையை வீட்டில் ஒருவருக்கும் என்னால் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. தட்டில் வளர்த்த எலி மூளைத் துண்டுகளின் முப்பரிமாணப் படங்கள் வெளிநாட்டு ஆய்வுகூடத்திலிருந்து வரும். ஒரு நரம்புக்கலத்திலிருந்து புறப்படும் நீண்ட இழையான அக்சன் எங்கெங்கே கிளைவிடுகிறது என்று வரைய வேண்டும். சில வகைக் கலங்கள் தம்மைச் சுற்றியே அடர்த்தியாகப் பின்னும். சில ஓரிரு கிளை விட்டு வெகுதூரம் போகும். ஒரே கலத்தை இருவரும் தனித்தனியே வரைந்து, பிறகு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்போம். அதற்காகவே முதுகோடு முதுகாக இருந்தோம்.

வைத்ததும் சண்டை தொடங்கும். இழை மங்கிய இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். நீ தாண்டிப் போவாய்.

“இந்தா பக்கத்தில இருக்கிற சீனன்குடாவைத் தாண்டினாலே உனக்குப் பயமடி. அதுதான் உன்ர கலமெல்லாம் வாசலிலயே நிக்குது,” என்பாய்.

“உனக்கு ரெண்டு இழை கிட்ட வந்தாலே கலியாணம் கட்டி வைக்கோணும்,” என்பேன். வேறு யாரிடமும் நான் அப்படி வாய் காட்டியதில்லை.

காய்ச்சலில் நீ செத்துப்போனபோது ஒரு படம் தீராமல் நின்றது. ஓரத்துக்கு ஓடும் ஒரு கிளை. அது அந்தக் கலத்துடையது என்றால் தூரம் போகும் வகை. இல்லையென்றால் அருகிலேயே பின்னும் வகை. நீ சேர்த்திருந்தாய், நான் விட்டிருந்தேன். இன்று ஆய்வுகூடத்தார் முடிவு கேட்டார்கள். நீ சொன்னதே சரியாக இருக்க வேண்டுமென்று தேடினேன். ஒளியைக் கூட்டினேன், குறைத்தேன், எழுந்து நடந்தேன், திரும்ப வந்தேன். படத்தைப் பக்கவாட்டில் திருப்பியபோது தெரிந்தது. அந்தக் கிளை நம் கலத்தின் இழைக்குக் கீழாக, தொடாமலே கடந்து போகிறது. வேறொரு கலத்துடையது.

உன் கோட்டை அழித்தேன்.

உன் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளை எட்டிப் பார்த்து, “ஓம் அக்கா, நீங்கள் சொன்னால் சரிதான்,” என்றாள். எதற்கும் அப்படித்தான் சொல்கிறாள்.

“சும்மா ஓம் போடாதேங்கோ, தங்கச்சி. நான் பிழையெண்டு காட்டப் பாருங்கோ.” என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவள் திகைத்துப்போய், கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு வேறொரு கிளையைக் காட்டினாள். “அப்ப இது? இதைப் பாதியில விட்டிட்டியள் எல்லோ?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ போன பிறகு முதல் தடவையாக, சண்டை பிடிக்க வாய் திறந்தேன்.