கடைசிப் புள்ளி வைக்காத பலகை

அன்புள்ள அக்காவுக்கு, உன் சுண்டெலி எழுதுவது.

முதலில் எனக்கு ஒரு சத்தியம் செய். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட. படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததையும் ஒரே குப்பைத் தொட்டியில் போடாதே. நீ எப்படி இருக்கிறாய், உடம்பு எப்படி என்று முறையாகக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கதவு இது ஒன்றுதான், உனக்கே தெரியும். உன் முகவரி அம்மாவின் ஊசிநூல் டப்பாவுக்குள் இருந்தது. அது அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. போன் செய்யலாம் என்றால் வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவின் சட்டைப் பையில். அந்தச் சட்டையோடு அவர் முன்னறையில், யாரும் மிதித்துவிடக் கூடாது என்று, பலகைக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார்.

அந்தப் பலகைதான் விஷயம். ஆனால் கணக்கிலிருந்து தொடங்கினால்தான் உனக்குப் புரியும்.

எங்கள் கணக்கு சார் ஒருநாள் பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மணி அடிக்கும்வரை நாங்கள் கத்தாமல் இருக்க ஒரு விளையாட்டுச் சொன்னார். ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொள். இரட்டைப்படை என்றால் பாதியாக்கு. ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. வருகிற எண்ணுக்கும் அதையே செய், செய்துகொண்டே போ. கடைசியில் ஒன்றில் வந்து நிற்கும். எல்லாரும் போட்டுப் பார்த்தோம், நின்றது. எல்லா எண்ணும் இப்படித்தானா சார் என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றார். உங்களுக்கா சார் தெரியாது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "எனக்குத் தெரியாததுல ஆச்சரியம் என்ன இருக்கு? உலகத்துல யாருக்குமே தெரியாது" என்றார். மணி அடித்தது. எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

அதுவரை, கணக்கு என்றால் விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இதற்குப் பின்பக்கமே இல்லை. கேள்வி நாலாம் வகுப்புக் குழந்தைக்குப் புரிகிறது. விடை எந்த மேதைக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரை வைத்து, எழுதினால் வரிக்குள் அடங்காத எண்கள்வரை போட்டுப் பார்த்துவிட்டார்களாம். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனாலும் "எல்லாமே" என்று சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. நடுத்தெருவில் ஒரு பெட்டி பூட்டிக் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று சொன்னால் நீ சும்மா தாண்டிப் போவாயா? என்னால் முடியவில்லை. வண்டி நம்பர், வீட்டு நம்பர், செருப்பு அளவு, எதையும் விடவில்லை. குளிக்கும்போது இந்தச் சுவர் ஓடுகளில் விரலால் எழுதுவேன். உள்ளேயே குடியிருக்கிறாயா, வாடகை கேட்கட்டுமா என்று அம்மா வெளியிலிருந்து கத்துவாள்.

நம் வயதையும் போட்டுப் பார்த்தேன். என் பதினான்கு கொஞ்சம் ஏறி இறங்கி, அப்பாவின் ஐம்பத்திரண்டு வழியாகத்தான் கீழே வருகிறது. அம்மாவின் நாற்பத்தெட்டு அவளைப்போலவே, அலட்டிக்கொள்ளாமல் மளமளவென்று இறங்கிவிடுகிறது. உன் இருபத்தேழு இருக்கிறதே அக்கா, அதைப்போல ஓர் அடங்காத எண்ணை நான் பார்த்ததில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, ஒன்பதாயிரத்துக்கும் மேலே போய்விடுகிறது. இது திரும்பாது என்று நினைத்துப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் விட்ட இடத்திலிருந்து போட்டேன். திரும்பியது. நாற்பது என்ற எண்ணில் நீயும் அப்பாவும் நானும் சேர்ந்துவிடுகிறோம். பத்தில் அம்மாவும் வந்துவிடுகிறாள். அதைப் பார்த்த அன்று கொஞ்சம் அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் எல்லா எண்ணும் திரும்பும் என்று காட்டியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வந்தது. ஒரு வழியும் கிடைத்தது. ஒவ்வொரு தடவை மூன்றால் பெருக்கும்போதும், அதற்குப் பிறகு வருகிற பாதியாக்கல்களை எல்லாம் சேர்த்தால் சராசரியாக நான்கால் வகுத்த மாதிரி ஆகிறது. மூன்று மடங்கு ஏறி, நான்கில் ஒரு பங்காக இறங்கினால், மொத்தத்தில் இறக்கம்தானே? ஆகவே எல்லா எண்ணும் இறங்கியே ஆக வேண்டும். எழுதி சாரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தப்பு தெரியலைம்மா. ஆனா நான் பெரிய ஆள் இல்லை. என் பேராசிரியருக்கு அனுப்பிப் பார்க்கிறேன், பொறு" என்றார். நல்ல மனுஷர் அக்கா. அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் அறையிலிருந்து எச்.எம். மேடத்தின் அறை பத்தடி தூரம்கூட இருக்காது. அதற்குள் "தப்பு தெரியலை" என்பது "தப்பே இல்லை" ஆகிவிட்டது. மேடம் அறையைவிட்டு வெளியே வந்தபோது "உலகத்திலேயே முதல்முறை" ஆகியிருந்தது. சார் பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தார். "உங்க தன்னடக்கத்தை அப்புறம் வெச்சுக்கலாம் சார்" என்று மேடம் அவர் வாயை அடைத்துவிட்டார். பாவம் மேடமும். எங்கள் பள்ளியை மூடிவிட்டு வேறொன்றோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு இருக்கிறது. அவருக்கு நான் ஒரு துரும்பு. பிடித்துக்கொண்டார். நாளைக் காலை விழா. கல்வி அதிகாரி வருகிறார், செய்தித்தாளிலிருந்து வருகிறார்கள். நான் மேடையில் நின்று விளக்க வேண்டும். வாசலில் மாட்ட ஒரு பலகை. அதை எழுத அப்பாவை விட்டால் யார்?

அக்கா, நீ போன பிறகு அப்பா தூரிகையைப் பிடித்துக்கொண்டு பாடியதே இல்லை. கடைப் பலகை, வண்டி நம்பர், "இங்கே வண்டி நிறுத்தாதீர்" எல்லாம் வாயைத் திறக்காமல்தான் எழுதுவார். இந்த மூன்று நாளும் பாடினார். பழைய பாட்டு, பாதி வரிதான் தெரியும், மீதிக்கு "லலலா". டீக்கடையில் எல்லாருக்கும் அவர் கணக்கில் டீ. "என் பொண்ணு போட்ட கணக்கு எனக்குப் புரியாது. உனக்கும் புரியாது. உலகத்துக்கே புரியலையாம், நீ எம்மாத்திரம்" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தாராம். தூக்கத்தில் உளறுகிற மாதிரி சந்தோஷமாக இருக்கிறார் என்று அம்மா சொன்னாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பலகைக்குப் புதுத் தகரம் வாங்கவில்லை. உன் தையல் கடைக்கு எழுதி, நீ போன நாளிலிருந்து சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாரே, அதை எடுத்தார். சுரண்டவில்லை. மேலேயே நீலம் அடித்தார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் நீலத்துக்கு அடியில் உன் எழுத்துகள் மேடு தட்டித் தெரிகின்றன. அதன்மேல் இன்று மாலை மஞ்சளில் எழுதியிருக்கிறார்: "உலகமே விடை காணாத கணக்கைத் தீர்த்த எங்கள் மாணவியை வாழ்த்துகிறோம்."

கடைசிப் புள்ளியை மட்டும் வைக்கவில்லை. அவர் வழக்கம் உனக்குத் தெரியும். பலகைக்கு உரியவர் முழுசாகப் படித்துச் சரி என்று சொல்லி, அவர் கையாலேயே அந்தப் புள்ளியை வைக்க வேண்டும். அதுவரைக்கும் பிழை அப்பாவுடையது, வைத்த பிறகு அவர்களுடையது. முடிதிருத்துகிறவர் போன் நம்பரைச் சரியாகப் பார்க்காமல் புள்ளி வைத்துவிட்டு, இன்றைக்கும் யாரோ ஒரு வக்கீலுக்கு முடிவெட்ட நேரம் கேட்டுப் போன் போகிறதே, அந்தக் கதையை அப்பா இன்னும் விடவில்லை. இன்று தூரிகையை என்னிடம் நீட்டி, "இது மேடம் பலகை இல்லை சுண்டு, உன் பலகை. புள்ளி உன்னுது. காலைல எழுந்ததும் வைக்கலாம்" என்றார்.

சாப்பிட்டுவிட்டு இங்கே கண்ணாடிமுன் நின்று நாளைய பேச்சைச் சொல்லிப் பார்த்தேன். "சராசரியாக இறங்குகிறது, ஆகவே எல்லா எண்ணும்..." அந்த "ஆகவே"யில் நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் வகுப்பின் சராசரி ஐம்பது மதிப்பெண். ஆகவே எல்லாரும் பாஸ் என்று சொன்னால் கடைசி பெஞ்ச் கைகொட்டிச் சிரிக்காதா? சராசரியைப் பற்றிக் கவலைப்படாமல் ஏறிக்கொண்டே போகிற ஒரே ஓர் எண் எங்கேயாவது இருக்கலாம். இல்லை என்று நான் எங்குமே காட்டவில்லை. உன் இருபத்தேழு எத்தனை தூரம் அப்படிப் போனது என்று என் கையாலேயே போட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படியும் எழுதியிருக்கிறேன் பார். அக்கா, நான் எதையும் தீர்க்கவில்லை.

வாந்தி எடுத்தேன். ஆனால் இதையும் உன்னிடம் மட்டும் சொல்கிறேன், திட்டாதே. பயத்துக்கு அடியில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. தீர்த்துவிட்டேன் என்று நினைத்த நாளிலிருந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தது. வண்டி நம்பரைப் பார்த்தாலும் மனசு போகவில்லை. இன்று தப்புத் தெரிந்ததும், பெட்டி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது, நான் அதை உடைத்துவிடவில்லை என்று ஒரு நிம்மதி. அந்தப் பக்கம் அப்பாவின் மஞ்சள் எழுத்து காய்கிறது, இந்தப் பக்கம் எனக்குச் சந்தோஷம். நான் கெட்ட பெண்ணா அக்கா?

என்ன செய்யலாம் என்று எல்லாம் யோசித்துவிட்டேன். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். ஆனால் விழாவை ஒத்திப்போடுவார்களே தவிர விடமாட்டார்கள். பேசாமல் மேடையில் ஒப்பித்துவிட்டு வரலாம். அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. பேராசிரியரிடமிருந்து பதில் வர மாதக்கணக்காகலாம். வராமலே போகலாம். அதுவரை அப்பா பாடுவார். இதுதான் அக்கா என்னை மிகவும் இழுக்கிறது. அவர் பாடட்டுமே என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் புள்ளியை என் கையால் எப்படி வைப்பேன்?

ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரு இழு இழுத்தால் மஞ்சள் மட்டும் வந்துவிடும், நீலம் அப்படியே நிற்கும். விடிந்தால் காய்ந்துவிடும். பிறகு சுரண்டத்தான் வேண்டும். சுரண்டினால் நீலமும் சேர்ந்து உரியும், அடியில் நீ தெரிவாய். ஒரே பலகையில் இரண்டு மகள்களையும் அப்பா பார்க்க வேண்டியிருக்கும்.

நீ போன அன்று ராத்திரி நான் தூங்குவதாக நினைத்து அப்பா அம்மாவிடம் பேசினார். உனக்கு இது தெரியாது. நீ அத்தானோடு போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "டீக்கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. பால்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் கடைசியா. என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன புலியா, கடிச்சா தின்னுடுவேன்?" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். இத்தனை நாளாக நீ கோபம் என்று நினைத்துக்கொண்டிருப்பது கோபம் இல்லை அக்கா. எனக்கு இன்றுதான் அது புரிந்தது. இந்தப் பயத்தோடு நீயும் எங்கேயோ ஒரு தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருப்பாய். இதே வாளியாகக்கூட இருக்கலாம்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய். கடிதம் உனக்கு வரும்போது இங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். எப்படி முடிந்திருந்தாலும் சரி, அவர் நம்பர் மாறவில்லை. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் அந்த வக்கீலிடம் கேட்கிற மாதிரி முடிவெட்ட நேரம் கேள். சிரித்துவிடுவார். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அம்மாவும்தான். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அப்பாவும்

கதவு தட்டுகிறது. அப்பாதான். முழங்கையால் தட்டுகிறார், அப்படியென்றால் கையில் பெயின்ட் இருக்கிறது. விளக்கு எரியுதே சுண்டு, உனக்கும் தூக்கம் வரலையா, வா, இப்பவே புள்ளியை வெச்சிடலாம் என்கிறார். குரலில் பாட்டு இருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணி வாசலில் ஆணியில்தான் தொங்குகிறது, வரும்போது பார்த்தேன். அவரிடம்தான் முதலில் சொல்லப்போகிறேன் அக்கா. வேறு யாருக்கும் தெரியும் முன்னால். நீயும்