அண்ணை எழுதாத கடிதம்

என் ஆசை அண்ணை,

போன கிழமை உங்கள் இரண்டாவது திவசம். ஐயர் வந்து எல்லாம் முறையாகச் செய்தார். மச்சாள் உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தா. நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன், ஆனால் மனதில் வந்து நின்றது நீங்கள் இல்லை, அந்தச் செயலாளர் ஹாலம். கோபிக்காதீர்கள். உங்களை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, அவரை நினைத்தால் பலம் வருகிறது. இந்த இரண்டு வருஷமும் எனக்குப் பலம்தான் தேவைப்பட்டது.

இதை எழுதிப் பூட்டி வைக்கப் போவதில்லை, பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உங்களைப் பற்றிய பொய்யை ஊரறிய அச்சடித்தார்கள். உண்மை மட்டும் ஏன் அலுமாரிக்குள் கிடக்க வேண்டும்?

வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணை (அவர் மனைவிதான் மச்சாள்) ரயில்வேயில் சிக்னல் திருத்துகிற வேலை செய்தவர். கூட வேலை செய்த மால்கம் கூட்டிக்கொண்டு போக, எண்பதுகளின் நடுவில் ஒரு சுடும் கிளப்பில் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் நானும் போனேன். லண்டனில், லூயிஷாமில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு வளைவு. அதற்குள் கடதாசி இலக்கு, கையில் பொலிஸ் அனுமதி பெற்ற பிஸ்டல். மேலே ரயில் போனால் கூரை அதிரும். எல்லோரும் கையைத் தாழ்த்திக்கொண்டு நிற்போம். நீங்கள் மட்டும் அது எந்த ரயில், எத்தனை நிமிஷம் பிந்திப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

எங்கள் சனத்துக்கு இது விளங்கவில்லை. ஊரில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள், இங்கே சனிக்கிழமைகளில் அந்தச் சத்தத்தைத் தேடிப் போனால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? "அண்ணனும் தங்கச்சியும் ஆரைச் சுடப் பழகினம்?" என்று டூட்டிங் மீன்கடையில் என் காதுபடவே கேட்டார்கள். நான் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன். அந்த வளைவுக்குள் மட்டும்தான் துவக்கு நான் சொன்ன நேரத்தில் வெடித்தது, நான் சொன்ன நேரத்தில் நின்றது. இதைப் போய் மீன்கடையில் நின்று விளக்க முடியுமா?

பிறகு எண்பதுகளின் கடைசியில், இங்கிலாந்தின் ஒரு சின்னப் பட்டணத்தில் ஒருவன் கண்டபாட்டுக்கு ஆட்களைச் சுட்டான். சட்டம் இறுகியது. உங்கள் அனுமதியைப் புதுப்பிக்கிற நேரம், பொலிஸ் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தது. இலங்கைத் தமிழருக்கு எதற்குப் பிஸ்டல் என்று நேரே கேட்கவில்லை, சுற்றிச் சுற்றி அதைத்தான் கேட்டார்கள். அப்போதுதான் துவக்கு வைத்திருப்பவர்களின் உரிமைக்காகக் கதைக்கிற சங்கத்தின் செயலாளர் ஹாலம் வந்தார். உங்கள் சோபாவில் இருந்து மச்சாளின் வடையைச் சாப்பிட்டார். பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று கிழமையில் அனுமதி வந்துவிட்டது.

அன்றைக்குத் தொடக்கம் ஹாலம் உங்களுக்குத் தெய்வம். நாங்கள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சண்டை பிடித்தோம்!

"சங்கம் இல்லாட்டி எங்களைப் போல ஆக்களுக்கு ஆரடி கதைக்கிறது?" என்பீர்கள்.

"துவக்கைப் பூட்டி வைக்கச் சட்டம் இருக்கு. உங்கட செயலாளரின்ர வாயைப் பூட்ட என்ன இருக்கு அண்ணை?" என்பேன் நான்.

"உனக்கு வாய் கூடிப்போச்சு. அந்த மனுசன் செய்த உதவியை நான் மறக்கேலாது."

கிளப்பில் மட்டும் என்ன, எல்லோரும் ஒரே கொள்கையா வைத்திருந்தார்கள்? சங்கம் அரசாங்கத்துக்கு வால் பிடிக்கிறது, தெருவில் இறங்கிக் கத்த வேண்டும் என்று மால்கம் மேசையில் குத்துவார். மதுரையில் இருந்து வந்த டொக்டர் ராமநாதன், அவர் ஷாட்கன்காரர், வானத்தில் எறிகிற களிமண் தட்டைச் சுடுகிறவர், தன் கணக்கையே பார்ப்பார். "ஆமா, பிஸ்டல் போனா போகட்டுங்க. ஷாட்கன் தப்பிச்சா எனக்குப் போதும். சங்கம் அதைத்தான் பேசணும்னு நினைக்கிறேன்" என்பார். நானோ, சங்கமே வேண்டாம், என் அனுமதிக்கு நானே பதில் சொல்லுவேன் என்று நின்றேன். எல்லோரும் சேர்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, நாலு திசையில் போவோம்.

சங்கத்தில் ஒரு நடைமுறை இருந்தது. சட்டம் பற்றிப் பேச்சு வந்தால் எம்.பி.மாருக்கும் பத்திரிகைகளுக்கும் உடனே கடிதங்கள் பறக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பினராய்க் கெஞ்சி எழுத வைக்க நேரம் இல்லை. அதனால் மால்கம், டொக்டர் உட்பட உறுப்பினர்கள் பலரிடம் முன்கூட்டியே தாள்கள் வாங்கி வைப்பார்கள்: மேலே அவரவர் கையால் வீட்டு விலாசம், கீழே கையெழுத்து, நடுவில் வெள்ளை. தேவைப்படும்போது கந்தோரில், அதாவது சங்க அலுவலகத்தில், இருந்து நடுவை நிரப்புவார்கள்.

நீங்கள் பத்துத் தாள் கொடுத்தீர்கள். ஊரில் காணி உறுதிப் பத்திரத்தை மூன்று தரம் வாசித்து, நாலாம் தரம் என்னையும் வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்த மனிதர் நீங்கள்! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அனுமதி எடுத்துத் தந்த கையை நம்பாமல் வேற ஆரை நம்புறது? தாளை வாசிச்சுப் போட்டுத்தான் தருவன் எண்டு சொன்னால் அந்தாள் என்ன நினைக்கும்?" என்றீர்கள்.

மரியாதைக்காகக் கழுத்தை நீட்டுகிற சனம் நாங்கள்.

அதற்குப் பிறகு, தொண்ணூற்றாறில், ஸ்கொட்லாந்தில் அந்தப் பள்ளிக்கூடம். சின்னஞ்சிறுசுகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், உடற்பயிற்சி மண்டபத்தில். சுட்டவன் எங்களைப் போலவே அனுமதி பெற்று, எங்களைப் போலவே கிளப்புக்குப் போன ஒருவன். அன்று பின்னேரம் நீங்கள் என் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்து அழுதீர்கள். "நான் இனிப் பிஸ்டலைத் தொடமாட்டன்" என்றீர்கள். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அடுத்த கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் உங்கள் பெயரும் தெருவும் போட்டு ஒரு கடிதம் வந்தது. கண்ணீரை மையாக ஊற்றிச் சட்டம் எழுதக் கூடாதாம். நீங்கள் பிறந்த நாட்டில் பிள்ளைகள் இதைவிட அதிகமாகச் சாகிறார்களாம், அங்கே யாரும் இப்படி ஆர்ப்பாட்டம் செய்வதில்லையாம். அதையெல்லாம் கண்ட உங்களுக்கு இந்த அழுகை மிகையாகத் தெரிகிறதாம்.

அண்ணை, அதை நான் பேருந்தில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

நீங்கள் ஹாலமுக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். அவர் அமைதியாக, "போர்க்காலத்தில் கொஞ்சம் உரத்துத்தான் பேச வேண்டும். தாள் நீங்கள் தந்ததுதானே" என்றாராம். நீங்கள் பத்திரிகைக்கு மறுப்பு எழுதினீர்கள், அவர்கள் போடவில்லை. சங்கமோ, அது உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கருத்து என்று தன் இதழில் எழுதிக் கையைக் கழுவியது.

மச்சாள் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிற வேலை செய்தா. ஒரு தாய் பள்ளிக்கூட வாசல் படலையில் மறித்து, "என்ரை பிள்ளைக்கு உங்கட கையால சாப்பாடு வேண்டாம்" என்று இங்கிலிஷில் சொன்னாவாம். மச்சாள் அதைச் சொல்லும்போது நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த கிழமை மச்சாள் வேலையை விட்டா.

நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுவதே குறைந்துபோனது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதருக்கு, பிள்ளைகளின் சாவைப் பார்த்துச் சிரித்தவர் என்று பெயர். ஒக்டோபரில் ஒரு நாள் காலை, சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தீர்கள். நிமிரவில்லை. இதயம் என்று டொக்டர்மார் எழுதினார்கள். நான் வேறு ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி நீங்கள் அறியாத கதை.

உங்கள் முப்பத்தோராம் நாள் முடிந்த மறுகிழமை நான் சங்கத்தில் சேர்ந்தேன். ஓம், நான்தான்! ஹாலம் என் கையைப் பிடித்து, உங்கள் அண்ணன் எங்கள் தூண் என்றார். எனக்குக் கை கழுவ வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் சிரித்தேன். கந்தோரில் கடிதம் மடிக்க ஆள் தேவை என்றார்கள், போனேன். புதன்கிழமைகளில், மருந்துக்கடையில் என் ஷிப்ட் முடிந்த கையோடு, நாலு மாதம் அந்த மனிதனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். உங்களுக்குக்கூட நான் அப்படிப் பணிந்து நடந்ததில்லை.

மாசியில் ஒரு நாள் அலுமாரியைத் துடைக்கச் சொன்னார்கள். அதற்குள் ஒரு கோப்பு. இருபது இருபத்தைந்து பேரின் வெற்றுத்தாள்கள், பெயர் வரிசையில். உங்களுடையதில் நாலு மிச்சம் இருந்தது. அவற்றுக்கு அடியில் அந்தக் கடிதத்தின் முதல் வரைவு, தட்டச்சில். பக்கத்தில் ஹாலமின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "இலங்கைக்காரரின் பெயரில் போனால்தான் எடுபடும்."

உங்கள் கையெழுத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் என் புத்தி ஒரு பொல்லாத வேலை செய்தது. உங்கள் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் ஒன்றில், நீங்கள் சாவதற்கு முதல் எழுதியதுபோல ஒரு கடிதம் தட்டினேன். ஹாலம் மிரட்டினார், சங்கத்தில் களவு செய்தார், பொலிசுக்குப் பொய் எழுதினார் என்று வாய்க்கு வந்ததெல்லாம். நல்லாய் எழுதியிருந்தேன் அண்ணை, நம்பும்படி. அதோடு அவர் கதை முடிந்திருக்கும்.

மூன்று கிழமை அதைக் கைப்பையில் கொண்டு திரிந்தேன். அஞ்சல் பெட்டிக்கு முன்னால் இரண்டு தரம் நின்றேன். போடாமல் விட்டது நல்ல மனதால் இல்லை. அதைப் போட்டால், செத்தும்கூட நீங்கள் எழுதாத ஒன்று உங்கள் பெயரில் போகும். நானும் ஹாலமும் ஒன்று. அடுப்பில் வைத்து எரித்தேன்.

சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் வசந்தத்தில் நடந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். மேசையில் குத்துகிற மால்கமும், தன் ஷாட்கன்னை மட்டும் நினைக்கிற டொக்டரும், எல்லா மாதிரியும். பிஸ்டலை விட்டுக்கொடுப்பதா, கடைசிவரை நிற்பதா என்று ஆளை ஆள் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர் கேள்வி நேரத்தில் நான் எழும்பினேன். கந்தோரில் இருந்து எடுத்து வந்திருந்த அந்தக் கோப்பைத் திறந்து, வரிசை வரிசையாய் நடந்து, பெயரைக் கூப்பிட்டு ஒவ்வொருவரின் தாளையும் அவரவர் கையில் கொடுத்தேன்.

தன் விலாசத்தையும் கையெழுத்தையும் நடுவில் வெள்ளையையும் பார்க்க மனிதனுக்கு ஒரு பயம் வரும். அன்றைக்கு ஒவ்வொரு முகத்திலும் அதைப் பார்த்தேன். மால்கம் தன் தாளை நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் செருகினார். டொக்டர் தன் தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்து, "இதுல என்னத்த வேணாலும் எழுதியிருக்கலாமே" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். பிறகுதான் நான் வரைவை வாசித்தேன், பக்கத்துக் குறிப்பையும் சேர்த்து. உங்கள் பெயரைச் சொன்னேன். மச்சாளின் வேலையைச் சொன்னேன்.

ஹாலம் எழும்பி, இது எல்லோரும் ஒப்புக்கொண்ட நடைமுறைதான், ஒரு தவறான புரிதலுக்கு வருந்துகிறேன் என்றார். நான் ஒரு வெள்ளைத்தாளையும் பேனையையும் அவர் முன்னால் வைத்தேன்.

"இதை நான் எழுதினேன், அவர் பார்க்கவேயில்லை என்று உங்கள் கையால் எழுதுங்கள். போதும்" என்றேன்.

அவர் பேனையைத் தொடவில்லை. வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்றார். மால்கம் கத்தினார், டொக்டரும் எழும்பி நின்றார். பத்து வருஷமாய் ஒரு விஷயத்திலும் ஒத்துவராத அந்தக் கூட்டம் அன்றைக்கு ஒரே கையாக உயர்ந்து அவரை வெளியில் போட்டது. அவர் கோட்டை எடுத்துக்கொண்டு நடுவழியால் நடந்து போனதை நான் கடைசிவரை பார்த்தேன். இனித்தது அண்ணை. பொய் சொல்ல மாட்டேன், தேன்போல இனித்தது.

பத்திரிகை நாலு வரித் திருத்தம் போட்டது, உள்பக்கத்தில், நாய் விற்பனை விளம்பரத்துக்குக் கீழே. மச்சாள் அதை வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடப் படலைக்குப் போனா. அந்தத் தாய் அங்கே இல்லை, பிள்ளை பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாம். மச்சாள் அந்தத் துண்டோடு திரும்பி வந்தா. இப்போது பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கடையில் வேலை.

பிஸ்டலே வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால், என் பிஸ்டலை இந்த வருஷத் தொடக்கத்தில் பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டம் சரியா பிழையா என்று இன்னும் என்னால் சொல்ல ஏலாது. அந்தப் பிள்ளைகளின் படத்தைப் பார்த்தால் சரி என்கிறேன். வெறும் கையைப் பார்த்தால் ஏதோ குறைகிறது. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இன்னொரு செய்தி. ஹாலம் ஓயவில்லை. வேறு பெயரில் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார், இப்போது ஷாட்கன்காரருக்காம். டொக்டருக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவர் அதை அப்படியே என்னிடம் கொண்டுவந்து தந்தார்.

"விடு பிள்ளை, ரெண்டு வருசமாப் போச்சு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. உன்ர அண்ணை இருந்தால் மன்னிச்சிருப்பார்" என்கிறா மச்சாள். ஓம், நீங்கள் மன்னித்திருப்பீர்கள். வடையும் கொடுத்து அனுப்பியிருப்பீர்கள். அதனால்தான் இதில் உங்கள் அனுமதியை நான் கேட்கவில்லை.

அண்ணை, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த மனிதன் எந்த மண்டபத்தில் எந்த மேடை ஏறினாலும் முன்வரிசையில் நான் இருப்பேன். கேள்வி நேரத்தில் எழும்பி உங்கள் பெயரை முழுதாய்ச் சொல்லுவேன். அவர் தன் கையால் அந்த ஒரு வரியை எழுதும்வரை சொல்லுவேன். எழுதின பிறகும் மன்னிக்க மாட்டேன்.

உங்கள் சொல்லுக் கேட்டு ஒருநாளும் நடக்காத,
உங்கள் ஒரே தங்கச்சி
பவானி